டிசம்பரில் வந்த சட்டம்



நன்கொடை கேட்டுப் போகிறவர்களுக்கு எந்த நாட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. கொடுக்கிற பணத்துக்கு என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்வதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் நடத்துகிறவர் கட்டடத்தைக் காட்டலாம். கட்சிக்காரர் ஜெயித்த தொகுதியைக் காட்டலாம். தேர்தலில் நிற்காத, வேட்பாளர் யாரையும் ஆதரிக்கச் சட்டமே அனுமதிக்காத, கட்டுரைகளும் அறிக்கைகளும் மட்டும் வெளியிடுகிற ஓர் அமைப்பு எதைக் காட்டும்?

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் இந்தச் சங்கடத்தில் இருந்தவர் ஜோசப் ஓவர்ட்டன். மின்பொறியியல் படித்தவர். டௌ கெமிக்கல் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேக்கினா பொதுக் கொள்கை மையத்துக்கு வந்தார். நன்கொடையாளர்களுக்கு விளக்குவதற்காக அவர் ஓர் அட்டை தயாரித்தார். ஒரு விஷயத்தில் அரசாங்கம் எடுக்கக்கூடிய முடிவுகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வரிசையாக அதில் அச்சிட்டார். பள்ளிக் கல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனையில் அரசுப் பள்ளியே கிடையாது, மறு முனையில் எல்லாக் குழந்தைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும், வேறு வழியே இல்லை. இரண்டுக்கும் நடுவில் பல படிகள். அந்த வரிசையின் மேல் நகரக்கூடிய ஒரு திறப்பு. திறப்புக்குள் தெரிகிற மூன்று நான்கு யோசனைகளை மட்டும்தான் இன்றைய தேதியில் ஓர் அரசியல்வாதி பேசிவிட்டு மறுதேர்தலில் பிழைக்க முடியும். வெளியே இருப்பதைப் பேசினால் பைத்தியம் என்பார்கள். அரசியல்வாதி அநேகமாக அந்தத் திறப்பை நகர்த்துவதில்லை, அது எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிறார், அவ்வளவுதான். நகர்த்துவது சமுதாயம். சமுதாயத்தோடு பேசுவது எங்கள் வேலை என்றார் ஓவர்ட்டன்.

2003-இல், 43 வயதில், ஒரு சிறிய விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அவருடைய சகா ஜோசப் லேமன் அந்தக் கருத்துக்கு 'ஓவர்ட்டன் ஜன்னல்' என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்கப் பத்திரிகையாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள், பெரும்பாலும் தப்பாக. யாராவது ஒருவர் மேடையேறி விபரீதமாகக் கத்தினால் "ஜன்னலை நகர்த்திவிட்டார்" என்று எழுதுகிறார்கள். ஓவர்ட்டன் சொன்னது அதற்கு நேர் எதிர். தலைவர்கள் பின்னால் வருகிறவர்கள் என்பதுதான் அவர் கட்சி.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதைத்தான்: அந்தக் கருத்தைப் பெற்ற அமைப்பே, தன் ஆகப் பெரிய வெற்றியில் அதற்கு விரோதமாக நடந்துகொண்டது. பதினோரு வருஷத்துக்குள் அதன் விலையைக் கொடுத்தது.

முதலில் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம். மேக்கினா மையம் 1987-இல் தொடங்கியது. இருப்பது மாநிலத் தலைநகர் லான்சிங்கில் அல்ல. அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் வரும் மிட்லண்டில், டௌ கெமிக்கலின் சொந்த ஊரில். முதல் இருபது வருஷம் அதற்குத் தலைவராக இருந்தவர் லாரன்ஸ் ரீட் என்ற பொருளாதார ஆசிரியர்; 2008-இலிருந்து லேமன். இதைப் பழமைவாத அமைப்பு என்பார்கள். 'பழமைவாதம்' என்றதும் நமக்குச் சாதியும் சடங்கும் நினைவுக்கு வரும். இவர்கள் கருக்கலைப்பு, மதம் போன்ற விவகாரங்களைத் தொடுவதே இல்லை. குறைந்த வரி, சிறிய அரசு, போட்டி உள்ள சந்தை, பலம் குறைந்த தொழிற்சங்கம் - அக்கறை முழுவதும் இவற்றின் மேல்தான். தங்களைச் சந்தை ஆதரவாளர்கள் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

இப்படிப்பட்ட கொள்கை மையங்களின் வம்சத்துக்கு ஒரு கோழிப்பண்ணைக்காரர் மூதாதை. இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டிய ஆங்கிலேயர் ஆன்டனி ஃபிஷர், 1945-இல் ரீடர்ஸ் டைஜஸ்டில் வந்த ஒரு புத்தகச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, அந்தப் புத்தகத்தை எழுதிய பொருளாதார அறிஞர் ஹாயக்கைத் தேடிப் போனார். அரசியலில் இறங்கப் போகிறேன் என்றார். வேண்டாம், எண்ணங்களை மாற்று, அரசியல் பின்னால் வரும் என்று திருப்பி அனுப்பினார் ஹாயக். ஃபிஷர் கோழி வளர்த்துப் பணம் சம்பாதித்து, 1955-இல் லண்டனில் ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனம் தொடங்கினார். பிரிட்டனில் தாட்சர் ஆட்சிக்கு வரும்போது அவருக்குத் தேவையான வாதங்கள் அங்கே அச்சாகித் தயாராக இருந்தன. அமெரிக்காவில் 1973-இல் வாஷிங்டனில் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் வந்தது. அதன் அறங்காவலர்களில் ஒருவரான தாமஸ் ரோ என்ற தென் கரோலினா வணிகர், வாஷிங்டன் ஒன்று மட்டும் போதாது, ஐம்பது மாநிலத்திலும் வேண்டும் என்று நினைத்தார். 1992-இல் அவர் தொடங்கிய மாநிலக் கொள்கை வலையமைப்பில் இன்று எல்லா மாநிலங்களிலும் உறுப்பு அமைப்புகள் உண்டு.

ஏன் மாநிலம்? பள்ளிக்கூடம், சிறைச்சாலை, தொழில் உரிமம், மாநில வரி, அரசு ஊழியர் ஓய்வூதியம், இவையெல்லாம் அங்கே மாநிலத்தின் கையில். நாட்டு மக்களின் கவனமோ வாஷிங்டனில். மாநிலச் சட்டமன்றத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு கோப்போடு போய் உட்காருகிறவனுக்கு மதிப்பு அதிகம்.

மிஷிகனில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1992-இல் அந்த மாநில மக்கள் வாக்களித்துச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கால வரம்பு கொண்டுவந்தார்கள். கீழ்ச்சபையில் ஆறு வருஷம், மேல்சபையில் எட்டு வருஷம், அதோடு சரி, வாழ்நாளுக்கும். பழம் தின்று கொட்டை போட்ட உறுப்பினர்கள் எல்லாம் வீட்டுக்குப் போனார்கள். பதிலுக்கு வந்த புதியவருக்கு வரவு செலவுத் திட்டத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று தெரிவதற்குள் பதவிக் காலம் பாதி முடிந்துவிடும். ஓய்வூதியக் கணக்கை இருபது வருஷமாகப் பார்த்துவருகிற ஒருவர், "இரண்டு பக்கத்தில் சுருக்கிக் கொண்டுவந்திருக்கிறேன் ஐயா" என்று கதவைத் தட்டினால் அவர் உள்ளே அழைக்காமல் என்ன செய்வார்? அரசியல்வாதிகளின் பிடியைத் தளர்த்தக் கொண்டுவந்த சீர்திருத்தம், பதவியில் இல்லாத, வாக்குக் கேட்காத நிபுணர்களின் பிடியை இறுக்கியது. 2022-இல் மக்களே அந்த வரம்பைத் திருத்தினார்கள். இப்போது எந்தச் சபையானாலும் மொத்தம் பன்னிரண்டு வருஷம்.

அன்றாட வேலை என்னவென்று கேட்பீர்கள். பெரும்பாலும் சலிப்பூட்டுகிற வேலை. 2001-இல் இந்த மையம், மிஷிகன் சட்டமன்றத்தில் வரும் ஒவ்வொரு மசோதாவையும் எளிய மொழியில் இரண்டு வரியில் விளக்கி, யார் எப்படி வாக்களித்தார்கள் என்று இணையத்தில் போடத் தொடங்கியது. இதைச் செய்திருக்க வேண்டியது அரசாங்கம். எதிர்க் கொள்கைக்காரர்களும் அதைத்தான் திறந்து பார்த்தார்கள். இன்னொரு வேலை: மாநிலத்தில் இருக்கும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் ஒவ்வொன்றையும் வருஷா வருஷம் தொலைபேசியில் கூப்பிட்டு, சமையல், துப்புரவு, பேருந்து மூன்றில் எதையாவது தனியார் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறீர்களா என்று கேட்பது. 2001-இல் ஆம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பதினைந்து வருஷத்தில் அது மூன்றில் இரண்டைத் தாண்டியது. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்து மாவட்டம் செய்துவிட்டது என்று ஆண்டுதோறும் புள்ளிவிவரம் வந்துகொண்டே இருந்தால், செய்யாத மாவட்டத்தின் நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் எழுந்து கேட்கத்தானே செய்வார். கணக்கெடுப்பே பிரசாரமாகிவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்தத்துக்கு விட்டதில் கிடைத்த சேமிப்பில் பெரும்பகுதி கூட்டிப் பெருக்குகிறவரின் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் பிடித்தது. மையத்தின் அறிக்கைகளில் அவர் ஒரு மனிதராக வருவதில்லை, சேமிப்பு என்ற தலைப்பின் கீழ் வருகிறார்.

எதிரிகள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான வழக்கே உண்டு. மிஷிகன் ஆசிரியர் சங்கம் மாநிலத்தின் மிகப் பலமான சங்கங்களில் ஒன்று. மையத்தின் அறிக்கைகளுக்குப் பதில் சொல்ல 2001-இல் அதன் ஆதரவோடு ஒரு தனி ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அதை அறிவித்த செய்தியாளர் கூட்டத்தில் சங்கத் தலைவர், மேக்கினாக்காரர்கள் செய்திருப்பதைப் பார்த்து வியக்கிறேன் என்ற பொருளில் வெளிப்படையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மையம் அதைத் தூக்கித் தன் நன்கொடைக் கடிதத்தில் போட்டது. சங்கம் வழக்குப் போட்டது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எதிரியின் பாராட்டுக்கு நீதிமன்ற முத்திரையும் இலவசமாகக் கிடைத்தது.

இனி 2012. அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டப்படி, ஒரு தொழிற்சாலையில் சங்கம் ஒப்பந்தம் போட்டால் அது உறுப்பினர் அல்லாதவருக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அப்படியானால் அவர்களும் ஒரு கட்டணம் கொடுக்க வேண்டாமா? கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதைத் தடைசெய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் தந்தது 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். அப்படித் தடைசெய்யும் மாநிலச் சட்டத்துக்கு ஆதரவாளர்கள் வைத்த பெயர் 'வேலை உரிமைச் சட்டம்'. சங்கங்களைக் கேட்டால், சந்தா கட்டாமல் பந்தியில் உட்காரும் உரிமை என்பார்கள். தெற்கு மாநிலங்களில் அது பல காலமாக இருந்தது. மிஷிகனில் கொண்டுவர முடியும் என்று யாரும் நம்பவில்லை. ஃப்ளின்ட் நகரத்தில் 1936 டிசம்பர் 30 முதல் 44 நாள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் வாங்கிய மாநிலம் அது. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையகம் டெட்ராய்ட்டில் இருக்கிறது.

மேக்கினா மையம் தொண்ணூறுகளிலிருந்தே இதை எழுதிக்கொண்டிருந்தது. ஆலைகள் தெற்கே போகின்றன, நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது வாதத்தின் சாரம். கூலியை அது என்ன செய்யும் என்பதில் பொருளாதார அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அதற்குள் நான் போகவில்லை. 2011-இல் பதவிக்கு வந்த ஆளுநர் ரிக் ஸ்னைடர் (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சருக்குச் சமம்) குடியரசுக் கட்சிக்காரர்தான். ஆனாலும் இது என் நிகழ்ச்சி நிரலில் இல்லை, ஊரைப் பிளக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஓவர்ட்டன் உயிரோடு இருந்திருந்தால், சரி, திறப்பு இன்னும் அங்கே வரவில்லை என்று சொல்லி இன்னொரு கட்டுரை எழுதப் போயிருப்பார்.

அப்போது சங்கங்கள் ஒரு காரியம் செய்தன. பக்கத்தில் விஸ்கான்சின், இந்தியானா இரண்டிலும் அடி விழுந்ததைப் பார்த்துப் பயந்து, கூட்டுப் பேர உரிமையை மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்குப் போயின. ஒபாமா எளிதாக ஜெயித்த அதே நாளில், அதே மிஷிகனில், அந்தத் திருத்தத்தை 57 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். திருத்தம் வேண்டாம் என்பதும் வேலை உரிமைச் சட்டம் வேண்டும் என்பதும் ஒன்றல்ல. ஆனால் அந்தச் சட்டத்தை விரும்பியவர்கள் மறுநாளே அப்படித்தான் வாசித்தார்கள்.

அதே தேர்தலில் குடியரசுக் கட்சிக்குக் கீழ்ச்சபையில் ஐந்து இடம் குறைந்தது. புதிய சபை ஜனவரியில் வரும். பழைய சபைக்கு டிசம்பர் மீதி இருந்தது. டிசம்பர் 6, வியாழக்கிழமை காலையில் ஆளுநர் மனம் மாறிவிட்டதாக அறிவித்தார். குழு விசாரணை இல்லை, பொதுமக்கள் சாட்சியம் இல்லை. அன்றே இரண்டு சபைகளிலும் வாக்கெடுப்பு. நடுவில் சில மணி நேரம் சட்டமன்றக் கட்டடத்தின் கதவுகளையே மக்களுக்குச் சாத்திவிட்டார்கள். 11-ஆம் தேதி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே திரண்டு நிற்க, சட்டம் நிறைவேறி, அன்று மாலையே கையெழுத்தாகி, மிஷிகன் இருபத்து நான்காவது வேலை உரிமை மாநிலம் ஆயிற்று. இன்னொரு நுணுக்கம். மிஷிகன் அரசியல் சாசனப்படி, நிதி ஒதுக்கும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்க முடியாது. ஆகவே மசோதாக்களில் தலா பத்து லட்சம் டாலர் ஒதுக்கீட்டைச் செருகியிருந்தார்கள்.

இருபது வருஷம் மக்கள் மனத்தோடு பேசுகிறோம் என்றவர்கள், கடைசியில் மக்களிடம் கேட்காமலிருக்கப் பத்து லட்சம் டாலரில் பூட்டு வாங்கினார்கள். மசோதாவில் அந்த வரியை எழுதியது சட்டமன்றம், மையம் அல்ல. ஆனால் இந்த வழி நம்முடையதல்ல என்று மிட்லண்டிலிருந்து யாரும் சொல்லவில்லை, கொண்டாடினார்கள். வரலாறு ஒரு வாரம் கதவைத் திறந்து வைத்தால் எந்த இயக்கக்காரனும் நுழையத்தான் செய்வான், புரிகிறது. எனக்கு இருக்கும் குறை நுழைந்ததில் இல்லை, தங்கள் கோட்பாட்டை அன்று ஒருமுறை எடுத்துப் பார்க்கவில்லை என்பதில்தான்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 தேர்தலில் நாற்பது வருஷத்தில் முதல் முறையாக ஆளுநர் பதவியும் இரண்டு சபைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. 2023 மார்ச்சில் ஆளுநர் கிரெட்சன் விட்மர் வேலை உரிமைச் சட்டத்தை ரத்துசெய்து கையெழுத்திட்டார். 2024 பிப்ரவரியில் ரத்து அமலுக்கு வந்தது. அந்த ரத்து மசோதாவிலும் ஒரு நிதி ஒதுக்கீடு இருந்தது, அதே காரணத்துக்காக. மக்கள் வாக்கெடுப்பைத் தடுக்க நிதி ஒதுக்கீட்டைச் செருகும் மசோதாக்களில் கையெழுத்திட மாட்டேன் என்று 2019-இல் உத்தரவு போட்டவர் இதே விட்மர். மக்களைக் கேட்பதற்கு இரண்டு தரப்பும் ஒரே அளவு பயந்தன.

அரசு ஊழியர்கள் விஷயத்தில் மட்டும் ரத்து பலிக்கவில்லை. 2018-இல் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று, சங்கத்தில் சேராத அரசு ஊழியரிடம் கட்டணம் வசூலிப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கை நடத்தியவர்களில் ஒரு தரப்பு இல்லினாய் மாநிலத்தின் இதே வகைக் கொள்கை மையம் ஒன்றின் சட்டப் பிரிவாகத் தொடங்கியது. மேக்கினா மையம் அதற்குப் பிறகு மாநிலம் மாநிலமாக ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் நீங்கள் விலகலாம் என்று தெரிவிக்கும் பிரசாரத்தில் இறங்கியது.

இன்னொரு மாநிலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்வது விளங்கும். டெக்சஸ். 1989-இல் சான் அன்டோனியோவில் தொடங்கிய டெக்சஸ் பொதுக் கொள்கை நிறுவனமும் இதே குடும்பம்தான். எண்ணெய்ப் பணம் அதிகம். மேக்கினாவைவிட எனக்கு ஒவ்வாத கருத்துகள் அதனிடம் ஏராளம். 2007-இல் டெக்சஸ் முன்னால் ஒரு கணக்கு வந்தது: 2012-க்குள் இன்னும் பதினேழாயிரம் சிறைப் படுக்கைகள் வேண்டும், செலவு 200 கோடி டாலர். அந்த நிறுவனத்தில் குற்றவியல் நீதியைப் பார்த்துக்கொண்டிருந்த மார்க் லெவின் போன்றவர்கள் கேட்ட கேள்வி பழமைவாதக் கேள்விதான்: இவ்வளவு வரிப்பணத்துக்கு என்ன பலன்? பள்ளியைக் கேட்கிறோமே, சிறையைக் கேட்க வேண்டாமா? குடியரசுக் கட்சியின் ஜெரி மேடனும் ஜனநாயகக் கட்சியின் ஜான் விட்மயரும் சேர்ந்து, சிறை கட்டுவதற்குப் பதில் போதைச் சிகிச்சைக்கும் நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் 24 கோடியே 10 லட்சம் டாலர் ஒதுக்கவைத்தார்கள். 2011-இல் டெக்சஸ் தன் பழைய சிறைகளில் ஒன்றை மூடியது. 2010-இல் அந்த நிறுவனம் 'ரைட் ஆன் க்ரைம்' என்ற பெயரில் இதை மற்ற மாநிலங்களுக்கு எடுத்துப் போனது. 2012-இல் ஜார்ஜியா பின்பற்றியது. டெக்சஸில் இன்னும் ஏராளமானோர் சிறையில் இருக்கிறார்கள், கோடையில் குளிர்சாதனம் இல்லாத அறைகளில். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2007-இல் செய்ததை ரத்துசெய்வேன் என்று சொல்லி அங்கே யாரும் ஆட்சிக்கு வரவில்லை. ரத்துசெய்ய வேண்டிய தரப்பின் கையெழுத்தும் அதில் இருந்தது.

கடைசியாகப் பணம். இந்த அமைப்புகள் வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைகள். நன்கொடையாளர் பெயரை வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. மேக்கினா மையம் வெளியிடுவதும் இல்லை. கொடுக்கும் பக்கத்து அறக்கட்டளைகளின் வரிப் படிவங்களைப் புரட்டித்தான் டிவாஸ் என்ற கோடீஸ்வரக் குடும்பம், டோனர்ஸ் டிரஸ்ட் என்ற நிதி அமைப்பு போன்ற பெயர்களைப் பத்திரிகையாளர்கள் கண்டெடுத்தார்கள். மையத்தின் பதில் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. 1958-இல் அலபாமா அரசு கறுப்பர் உரிமைச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் கொடுக்க வேண்டாம் என்றது. பெயர் வெளியானால் பழிவாங்கல் வரும் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான் என்கிறார்கள். 2021-இல், அறக்கட்டளைகளின் நன்கொடையாளர் பட்டியலைக் கலிபோர்னியா அரசு கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பக்கமே சாய்ந்தது. எனக்கு இது முழுசாக ஏற்புடையதாக இல்லை. அலபாமாவில் பெயர் தெரிந்தால் வீடு எரியும். ஒரு கோடீஸ்வரர் குடும்பத்தின் பெயர் தெரிந்தால் தலையங்கம் வரும். அதோடு, 2011-இல் இதே மையம் மிஷிகனின் மூன்று அரசுப் பல்கலைக்கழகங்களின் தொழிலுறவுப் பேராசிரியர்கள் எழுதிய மின்னஞ்சல்களைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டது. சம்பளம் மக்கள் பணம் என்பது அவர்கள் தர்க்கம். சட்டத்துக்குச் சரி. ஆனால் வரிவிலக்கும் மக்கள் பணம்தான்.

2024 நவம்பரில் மிஷிகன் கீழ்ச்சபை மறுபடி குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டது. விட்மருக்கு இரண்டு தவணை முடிகிறது. 2026 நவம்பர் ஆளுநர் தேர்தலில் அவர் நிற்க முடியாது. வேலை உரிமைச் சட்டத்தை மறுபடி கொண்டுவர வேண்டும் என்ற கட்டுரைகள் மிட்லண்டிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அது என்றாவது திரும்பி வருமானால் நான் முதலில் பார்க்கப்போவது வாக்கு எண்ணிக்கையை அல்ல. எந்த மாதத்தில் வந்தது, எத்தனை நாள் விசாரணை நடந்தது, மசோதாவின் கடைசிப் பிரிவில் நிதி ஒதுக்கீடு ஏதாவது இருக்கிறதா, இந்த மூன்றைத்தான்.